கோவில்பத்திலிருந்து உலக அரசியல் ஆய்வுக்கு: தொடக்கநிலை மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்கால் கோவில்பத்தில் பிளஸ் டூ முடித்த ஒருவர் ‘சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறேன்’ என்று வீட்டில் சொன்னால், ‘ஐ.எஃப்.எஸ்-ஸா?’ என்றுதான் அடுத்த கேள்வி வரும். ஆய்வு வேறு வேலை. தூதரக அதிகாரி அரசின் நிலைப்பாட்டை எடுத்துச் சொல்வார். அந்த நிலைப்பாடு எப்படி வந்தது, யாருக்கு உதவியது, யாரைக் கைவிட்டது என்று கேட்பது ஆய்வாளரின் வேலை. பாதுகாப்பு ஆய்வு என்றால் ஏவுகணை மட்டுமல்ல. கடல் எல்லை, அகதிகள், குடியுரிமை எல்லாமே அதில் அடக்கம்.

முதல் படி: எங்கே படிப்பது?

இளங்கலையில் அரசியல் அறிவியலோ வரலாறோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. முதுகலையில்தான் பாதை பிரியும். பக்கத்தில் பார்த்தால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் அரசியல், பன்னாட்டு ஆய்வுத் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வுகளுக்கென்றே ஒரு துறை உண்டு. டெல்லி ஜே.என்.யூ.வின் சர்வதேச ஆய்வுப் பள்ளி 1955-இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-இல் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. புதுவைக்கும் ஜே.என்.யூ.வுக்கும் சியூஇடி-பிஜி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கோட்பாட்டைக் கண்டு மிரள வேண்டாம். கோட்பாட்டாளர் கென்னத் வால்ட்ஸ் வல்லரசுகளை வைத்துக் கணக்குப் போட்டார். மூன்றாம் உலக நாடுகளுக்கு ஆபத்து பெரும்பாலும் உள்ளேயிருந்தே வருகிறது என்றார் முகம்மது அயூப். இலங்கையைப் புரிந்துகொள்ள இருவருமே வேண்டும்.

இரண்டாம் படி: உங்கள் கேள்வியைத் தேடுங்கள்

‘இந்திய-சீனப் போட்டி’ என்று தலைப்பு எடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. காரைக்கால் பிள்ளைக்குக் கடல் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவுக்கு (டெல்ஃப்ட்) அருகே 13 மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் பலத்த காயமடைந்தார்கள். அவர்கள் போனது காரைக்கால் விசைப்படகில். டெல்லியில் இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்து இந்தியா கண்டித்தது. இரண்டொரு நாளில் பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விடும். நீங்கள் கச்சத்தீவு பற்றிய 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் பிரிவின்படி இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம். இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது ஆறாம் பிரிவு. மீன் பிடிக்கலாமா என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று கதவை அடைத்துவிட்டன. மேடையில் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவார்கள். அந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டுவதே ஆய்வுக்கு நல்ல தொடக்கம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தென், தென்கிழக்காசிய ஆய்வு மையத்தின் நிறுவன இயக்குநராக இருந்த வி. சூரியநாராயண் இதே சிக்கலைப் பற்றி 1994-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் ஒன்று: எதிர்க்கரையில் நம் விசைப்படகுகளின் இழுவை மடியால் வலை அறுந்து நிற்பவரும் தமிழ் மீனவர்தான். அந்த மடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. இதை எழுதினால் ஊரில் சிலர் முகம் சுளிப்பார்கள். அதற்காக விட்டுவிடக் கூடாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. வெளிவிவகாரம் முழுக்க ஒன்றிய அரசின் கையில். நாகை மீனவருக்காகத் தமிழக முதல்வர் கடிதம் எழுதுகிறார், காரைக்கால் மீனவருக்காகப் புதுச்சேரி முதல்வர் எழுதுகிறார். ஒன்றியப் பிரதேசத்தின் கடிதத்துக்கு டெல்லியில் எடை எவ்வளவு? முனைவர் பட்டத்துக்கு இதுவே போதும்.

மீன் வேண்டாமென்றால் பிரெஞ்சு இருக்கிறது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வாரிசுகள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

மூன்றாம் படி: நெட், முனைவர் பட்டம்

யூஜிசி நெட் தகுதித் தேர்வு பொதுவாக ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவான உச்சவரம்பு ஆறு. நெறியாளரின் புகழைப் பார்க்காமல், கொடுத்த அத்தியாயத்தை எத்தனை வாரத்தில் திருத்தித் தருகிறார் என்று அவருடைய பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள்.

கைதானவர்கள், பிடிபட்ட படகுகள் பற்றிய எண்ணிக்கைக்கு நாடாளுமன்றக் கேள்வி-பதில்களே நல்ல ஊற்று. துறைமுகத்தில் பேட்டி எடுத்தால் மீனவர் பெயரை மாற்றி எழுதுங்கள். அவர் மறுபடியும் அதே கடலுக்குத்தான் போக வேண்டும். பிரெஞ்சோ சிங்களமோ கற்க இப்போதே தொடங்கிவிடுங்கள்.

நான்காம் படி: எழுத்தும் வேலையும்

‘இந்தியா குவார்ட்டர்லி’, ‘ஸ்ட்ராட்டஜிக் அனாலிசிஸ்’, ‘இன்டர்நேஷனல் ஸ்டடீஸ்’ ஆகிய இதழ்களை வாசித்துப் பழகி, பிறகு எழுதி அனுப்புங்கள். காசு கேட்டு ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஆனால் நிரந்தர இடங்கள் குறைவு. கௌரவ விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் ஓட்ட வேண்டியிருக்கலாம். டெல்லியின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.டி.எஸ்.ஏ., பெங்களூரு என்.ஐ.ஏ.எஸ். போன்ற இடங்களிலும் ஆய்வாளர் வேலை உண்டு. திருச்சியில் பிறந்த கே. சுப்ரமண்யம் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து ஐ.டி.எஸ்.ஏ. இயக்குநரானவர், பின்னாளில் கார்கில் மறுஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். இத்தகைய ஆய்வு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வேட்டை அப்படியே அனுப்பாதீர்கள். அதிகாரி ஒருவர் காபி குடித்து முடிப்பதற்குள் படித்துவிடக்கூடிய நான்கு பக்கக் குறிப்பாகச் சுருக்கி அனுப்புங்கள்.