மயங்கொலியும் கைப்பேசியும்

ண, ன, ந. ல, ள, ழ. ர, ற ஆகிய எட்டும் மயங்கொலி எழுத்துகள் எனப்படும். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் கைப்பேசியில் இம்மயக்கம் மிகுகிறது. ‘நாளை பள்ளிக்கு விடுமுறை’ என்பது ‘பல்லிக்கு விடுமுறை’ எனச் சென்றால் நகைப்பு எழும். ‘பாட்டனார் இறந்தார்’ என்பது ‘இரந்தார்’ என மாறினாலோ, பிச்சை எடுத்தார் எனப் பொருள்பட்டுத் துயருற்றோரைப் புண்படுத்தும். பல்லி, இரந்தார் ஆகியனவும் தமிழில் வழங்கும் சொற்களே. ஆதலின், பிழைதிருத்தி பெரும்பாலும் அவற்றைப் பிழையெனச் சுட்டுவதில்லை. சொல் உண்டா என்பதையே அது நோக்கும். கருதிய சொல் அதுதானா என்பதை எழுதியவரே அறிவார். எனவே, அனுப்புமுன் ஒருமுறை படித்தல் வேண்டும். ஒலிகளை வேறுபடுத்திச் சொல்லப் பழகியவர் கண்ணுக்கு எழுத்துப்பிழை எளிதில் புலப்படும்.