கடையை விட்டுப் போன பாக்கெட்டுக்கும் நீங்களே பொறுப்பு

கேள்வி: பருப்புப் பொடி, ஊறுகாய் தயாரித்து என் பெயரிலேயே கடைகளுக்கு அனுப்பி வருகிறேன். கட்டடத்துக்கும் சரக்குக்கும் தீ விபத்துக் காப்பீடு இருக்கிறது. 'பிராடக்ட் லயபிலிட்டி' பாலிசியும் எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். உணவுப் பாதுகாப்பு உரிமம் உண்டு, சுத்தமாகத்தான் செய்கிறோம். பிறகு எதற்கு இந்தச் செலவு?
– வாசகி, ஈரோடு

பதில்: எடுத்துவிடுங்கள், அம்மா. தீ விபத்துக் காப்பீடு உங்கள் நஷ்டத்துக்குத்தான் பணம் தரும். உங்கள் பொடியைச் சாப்பிட்ட ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அது ஒரு பைசா தராது. ஆலைக்கு வந்தவர் வழுக்கி விழுந்தால் உதவுவது 'பப்ளிக் லயபிலிட்டி' பாலிசி. வாசலைத் தாண்டிப் போன பாக்கெட்டுக்கு வழக்கமாக அதுவும் பொருந்தாது; அதற்குத்தான் 'பிராடக்ட் லயபிலிட்டி'. வேலையாட்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

உரிமமும் சுத்தமும் இருக்கும்போது யார் என்ன செய்ய முடியும் என்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 84, தயாரிப்பில் குறை இருந்தால் மட்டுமல்ல, போதிய எச்சரிக்கை தராவிட்டாலும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. காலையில் நிலக்கடலை அரைத்த அதே மெஷினில் மதியம் பருப்புப் பொடி அரைக்கிறீர்கள், பாக்கெட்டில் கடலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று வையுங்கள். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தச் சுத்தமான பொடியே ஆபத்து. 'ரசாயனம் சேர்க்காதது' என்று அச்சடித்திருந்தால் அது உத்தரவாதம். அது பொய்த்தால், கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. உணவால் உயிர் போனால் இழப்பீடு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 65. தனிநபர் தொழிலில் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே சட்டச் சுவர் கிடையாது. தீர்ப்பான தொகைக்கு வீடும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விற்ற கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்றும் இருக்க முடியாது. பொருளை மாற்றியது, தானாக உத்தரவாதம் தந்தது போன்ற சில நிலைகளில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 86 அவரைப் பிடிக்கும். பாக்கெட்டில் இருப்பதோ உங்கள் பெயரும் முகவரியும்.

பாலிசி எடுத்தால் எல்லாம் தீர்ந்தது என்று ஏஜென்ட் சொன்னால் அதை நம்பாதீர்கள். அபராதத்தை அது கட்டாது. சந்தையிலிருந்து சரக்கைத் திரும்பப் பெறும் செலவும் பொதுவாகச் சேராது. கடலை கலக்கிறது என்று தெரிந்தே லேபிளை மாற்றாமல் விட்டால், வேண்டுமென்றே விதியை மீறியதாகச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். இவற்றைவிடப் பலர் ஏமாறுவது தேதியில். இத்தகைய பாலிசிகள் பெரும்பாலும், பொருள் விற்ற நாளைப் பார்க்காமல், உங்கள் மேல் கோரிக்கை வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்; சம்பவமும் பாலிசியில் குறித்த தேதிக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. இந்த வருடம் பிரீமியம் கட்டி, அடுத்த வருடம் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று விட்டால், இன்று விற்ற பாக்கெட்டுக்கு நாளை வரும் நோட்டீஸை நீங்களே தாங்க வேண்டும்.

ஆகவே, எந்தத் தேதி முதல் நடந்த சம்பவங்களுக்குப் பாதுகாப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிரீமியம் கட்டுங்கள். புதுப்பிப்பதில் இடைவெளி விடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல், 'தப்பு எங்களுடையதுதான், பணம் தருகிறோம்' என்று போனிலும் சொல்ல வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் எழுத வேண்டாம்.