வயிற்றை அறிந்து தீவனம் இடுங்கள்

கோடையில் புல் காய்ந்துவிட்டால், கையிலிருக்கும் தீவனத்தை மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஒன்றுபோலவே பிரித்துப் போடுவது பலருடைய வழக்கம். இதனால் தீவனம் வீணாகிறது. சில சமயம் கால்நடையே இறந்துவிடுகிறது. எந்தக் கால்நடை எப்படித் தின்கிறது, எப்படிச் செரிக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த இழப்புகளைத் தவிர்க்கலாம்.

வாயில் உள்ள வேறுபாடு

மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கெட்டியான ஈறுதான் உண்டு. மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்து இழுத்துத் தின்னும். ஆகவே, தரையோடு தரையாக உள்ள குட்டைப் புல் அதற்கு வயிறு நிறையப் பயன்படாது. செம்மறியாட்டின் மேலுதடு பிளந்திருப்பதால், மாடு விட்ட புல்லையும் அடியொட்டக் கறித்துவிடும். வெள்ளாடு அசையும் உதட்டால் முள்ளுக்கு நடுவிலும் இலையைப் பொறுக்கும். பின்கால்களில் நின்று கொப்பையும் எட்டும். எனவே, ஒரே மேய்ச்சல் நிலத்தில் மாட்டை முதலிலும் செம்மறியைப் பின்னரும் விடுவது நன்று. வெள்ளாட்டுக்கு அகத்தி, வாகை, சவுண்டல் தழைகளைக் கட்டித் தொங்கவிட்டால், மிதிபட்டு வீணாகாது.

வயிறு செய்யும் வேலை

அசைபோடும் கால்நடைகளின் வயிற்றுக்கு நான்கு அறைகள் உண்டு. முதல் அறை பெரியது. வளர்ந்த மாட்டில் அது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். அங்கே வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களே வைக்கோலின் நாரைச் சிதைத்து மாட்டுக்குச் சக்தியாக்குகின்றன. அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர் முதல் வயிற்றில் புளிப்பு ஏறாமல் காக்கிறது. ஆகவே, நீங்கள் மாட்டுக்குத் தீவனமிடுவதாக நினைத்தாலும், முதலில் உண்பவை இந்த நுண்ணுயிர்களே.

வெள்ளாட்டின் வயிறு சிறியது. உடல் எடைக்கு ஏற்ப அதற்குத் தேவைப்படும் சக்தியோ மாட்டைவிட அதிகம். ஆகவேதான் அது சத்துள்ள தளிரைத் தேடுகிறது. வெறும் வைக்கோலை மட்டும் போட்டால் ஆடு மெலியும்.

குதிரை, கழுதை, முயல் ஆகியவை அசைபோடுவதில்லை. இவற்றில் நார் புளிப்பது குடலின் பின்பகுதியில்தான். குதிரையின் இரைப்பை சிறியதாகையால் அதற்குச் சிறிது சிறிதாகப் பலமுறை தீனியிட வேண்டும். முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே உண்டு, விட்டுப்போன சத்தை மீண்டும் பெறுகிறது. இது நோயன்று; தடுக்க வேண்டாம்.

சோறு நஞ்சாவது ஏன்?

பொங்கலன்றும் விருந்து முடிந்த பின்பும், மீந்த சோற்றை மாட்டுக்கு அள்ளி வைப்பவர்கள் உண்டு. சோறு முதல் வயிற்றில் விரைவாகப் புளித்து அமிலமாகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. மாடு அசைபோடாது; வயிறு உப்பும்; கழியும்; படுத்துவிடும். உடனே மருத்துவரிடம் காட்டாவிட்டால் இறந்துவிடலாம். ஆடு தானிய மூட்டையில் வாய் வைத்தாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியவை

1. எந்தப் புதிய தீவனத்தையும் 10 முதல் 15 நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்குங்கள். நுண்ணுயிர்கள் மாறிக்கொள்ள இந்த அவகாசம் தேவை.

2. சோளத்தட்டையை நறுக்கிப் போடுங்கள். முழுத் தட்டையாகப் போட்டால், மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும்.

3. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாட்கள் மூடி வையுங்கள். பின்னர் நெடி போகும்படி உலர்த்தி மாட்டுக்குக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கும் குதிரை, கழுதைகளுக்கும் வேண்டாம். யூரியாவையோ அதன் கரைசலையோ நேராகத் தின்னவும் குடிக்கவும் விட்டால் உயிருக்கு ஆபத்து.

4. சவுண்டல் தழை, மாட்டுக்கும் ஆட்டுக்கும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். குதிரைக்கும் முயலுக்கும் அதனால் முடி உதிரும், தவிர்த்துவிடுங்கள்.

வைக்கோல் மாட்டுக்கு, தழை வெள்ளாட்டுக்கு, அடிப்புல் செம்மறிக்கு என்று பிரித்துக் கொடுத்தால், இருக்கும் தீவனத்தைக் கொண்டே கோடையைக் கடத்தலாம்.