உழைப்பே வழிச்செலவு

நுழையும்முன்

பயணத்திற்குப் பொருள் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். உழைப்பைத் தந்து, உணவும் உறைவிடமும் பெற்று, அயல்நாடுகளைக் கண்டுவருவோரும் உலகில் உள்ளனர். அம்முறையின் வரலாற்றையும் அதற்குரிய அறத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

பார்த்தலும் அறிதலும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர், ஏரியையும் சேர்வராயன் கோவிலையும் கண்டு ஓரிரு நாளில் மலையிறங்குகின்றனர். மலையின் வாழ்வோ சாலைக்கு அப்பால், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் நிகழ்கிறது. மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அவற்றின் கீழே காப்பிச் செடிகள் நிற்கும். கோடை மழையில் வெண்ணிறமாய்ப் பூக்கும் காப்பி, கார்த்திகையை ஒட்டிப் பழுக்கும். ஒரே கொத்தில் காயும் பழமும் கலந்திருப்பதால், சிவந்த பழங்களை மட்டுமே தேர்ந்து பறித்தல் வேண்டும். பின்னர்த் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, களத்தில் உலர்த்துவர். இந்நுட்பங்களை உடன் தங்கி உழைப்பவரே முழுமையாக அறிவர்.

இயக்கமாக வளர்ந்த வரலாறு

உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற உமணரைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. உழைப்பைக் கொடுத்து உணவு பெறுதலும் ஒருவகை மாற்றே. முதல் உலகப்போருக்குப் பின், 1920இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல், பிரான்சில் போரால் அழிந்த எசுன் என்னும் சிற்றூரை மீண்டும் எழுப்பத் தன்னார்வலரைத் திரட்டினார். பகை நாட்டினராய் இருந்தோரும் அங்கே சேர்ந்து உழைத்தனர். 1934இல் பீகாரை நிலநடுக்கம் சிதைத்தபோது, அவர் இந்தியாவிற்கும் வந்து சீரமைப்புப் பணியில் ஈடுபட்டார்.

1971இல் இலண்டனில் செயலாளராகப் பணியாற்றிய சூ கோப்பார்டு, நகரத்தார் சிற்றூர் வாழ்வை அறிய வழி தேடினார். சசெக்ஸ் பகுதிப் பண்ணை ஒன்றில் நால்வர் ஒரு வார இறுதி தங்கி உழைத்தனர். அம்முயற்சியே ‘வூஃப்’ என்னும் உலகளாவிய அமைப்பாயிற்று. நாள்தோறும் சில மணிநேர உழைப்புக்கு ஈடாக உணவு, உறைவிடம், இயற்கை வேளாண் அறிவு ஆகியவை கிடைக்கும்; பணம் கைமாறுவதில்லை.

தமிழ் மண்ணில்

ஆரோவில் பகுதியில் 2003இல் தொடங்கப்பட்ட ‘சாதனா ஃபாரஸ்ட்’ இதற்கு அருகிலுள்ள சான்று. இசுரேலைச் சேர்ந்த அவிராம், யோரித் இணையர் இதனைத் தொடங்கினர். மண்ணரிப்பால் வறண்ட சுமார் 70 ஏக்கர் நிலத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் தங்கி, மழைநீரைத் தேக்க வரப்புகள் அமைத்தனர். இம்மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டனர்.

மாற்றின் அறம்

இம்முறை எல்லா இடத்திற்கும் பொருந்துமா என்பதே எண்ணத்தக்கது. காப்பிப் பழம் பறித்தல் சேர்வராயன் மலையில் பல குடும்பங்களின் கூலித்தொழில். விருந்தினர் ஊதியமின்றி அவ்வேலையைச் செய்தால், ஒரு தொழிலாளியின் அன்றைய கூலி பறிபோகும். இடம் தந்ததைக் காட்டிப் பகல் முழுதும் வேலை வாங்கினால், விருந்தினரும் சுரண்டலுக்கு ஆளாவார். எனவே, கூலியாளரின் இடத்தைப் பறிக்காத பணி, முன்கூட்டியே வரையறுத்த நேரம், இருவர்க்கும் பயன் ஆகிய மூன்றும் இதற்கு இன்றியமையாதவை. சுற்றுலா விசாவில் வந்தவர், உணவுக்கு ஈடாக வேலை செய்வதையும் பல நாடுகள் தடை செய்கின்றன. அந்நாட்டுச் சட்டத்தை அறிந்தபின்னரே புறப்படுதல் வேண்டும்.

திருக்குறள், விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளது. வந்தவரைப் பேணுதல் முதலாவது. ஊருக்குப் பயன்பட வாழ்தல் இரண்டாவது. இவ்விரண்டும் இணையுமிடத்தில் உழைப்பு நேர்மையான வழிச்செலவாகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அயல்நாட்டுத் தன்னார்வலர் ஒருவர் வந்தால், எவரது கூலியையும் பறிக்காத எப்பணிகளை அவருக்கு அளிப்பீர்கள்? பட்டியலிடுக.
2. ‘ஊதியமற்ற உழைப்பு தொண்டா, சுரண்டலா?’ – வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.