இலையுள் நிகழும் விகாரம்

பெரம்பலூரினின்றும் அரியலூர் நோக்கிச் செல்வோர் வழியில் மக்காச்சோளக் கொல்லைகள் பலவற்றைக் காண்பர். மானாவாரி உழவர்க்கு மழைக்கு அடுத்த கவலை களையே. அதனை அடக்கத் தெளிக்கும் மருந்துகளுள் அட்ரசின் என்பது ஒன்று. அம்மருந்து பயிரை விடுத்துக் களையை மட்டும் கொல்வது எங்ஙனம்? அக்களையும் ஒரு நாள் சாகாது நிற்குமாயின் அதன் காரணம் யாது? விடை பசுங்கணிகத்துள் உளது.

பசுங்கணிகம் என்பது இலைக்குப் பசுமை தரும் நுண்ணுறுப்பு. செல்லின் உட்கருவில் உள்ளவை போக, இதனுள்ளும் மரபணுக்கள் சில தனியே உள. அவற்றுள் ஒன்று டி1 என்னும் புரதத்தை ஆக்குவது. இப்புரதம் பிறக்குங்கால் 353 அமினோ அமிலங்கள் உடையது. பின்னர் அதன் வாலிலுள்ள 9 நறுக்கப்பட, 344 எஞ்சும். தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. மரம் என்பது வேரொடு புணருங்கால் ஈற்று மகரம் கெட்டு மரவேர் ஆகின்றதன்றோ? வால் கெட்ட பின்னரே மாங்கனீசு அணுக்கள் நான்கும் முறையாகப் பொருந்தும். பொருந்திய பின்னரே இலை நீரைப் பிளந்து, நாம் உயிர்க்கும் ஆக்சிஜனை வெளிவிடும். சினிடெஸ்மஸ் என்னும் பாசியின் பிறழ்வினம் ஒன்றில் வால் நறுக்கப்படவில்லை. புரதம் இருந்தும் ஆக்சிஜன் பிறக்கவில்லை. குற்றம் டி1 மரபணுவினது அன்று, நறுக்கும் நொதியினது. அந்நொதியின் மரபணு இருப்பதோ உட்கருவில்! ஓரிடத்தார் எழுதிய சொல்லை வேறிடத்தார் திருத்தும் விந்தை இது.

இனித் திரிதல் விகாரம். அட்ரசின் இதே டி1 புரதத்தைப் பற்றிக்கொண்டு, ஒளியால் எழும் எலக்ட்ரான் ஓட்டத்தைத் தடுப்பது. மக்காச்சோளம் தன்பாலுள்ள வேறொரு நொதியால் அம்மருந்தைச் செயலறச் செய்து பிழைக்கும். களைகள் பலவற்றிற்கு அவ்வலி இல்லை. ஆயினும் 1970-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இவ்வகை மருந்துக்கு மடியாத களை ஒன்று அறிவிக்கப்பட்டது. 1983-இல் ஹிர்ஷ்பெர்க், மெக்கின்டாஷ் என்னும் இருவர், நம் முளைக்கீரைக்கு உறவான அமராந்தஸ் களை ஒன்றில் காரணம் கண்டனர். 264-ஆம் இடத்துச் செரீன் கிளைசீனாகத் திரிந்திருந்தது. மரபணுவில் ஓரெழுத்து மாற்றம், அவ்வளவே. மருந்து பற்ற இடமின்றிப் போயிற்று. எனினும் அக்களைக்கு முழு இலாபம் இல்லை. எலக்ட்ரான் ஓட்டமும் மந்தமாதலின், மருந்தில்லா நிலத்தில் அது தன் இனத்தாரினும் பெரும்பாலும் மெலிந்தே வளரும்.

பசுங்கணிகம் பெரும்பாலான செடிகளில் தாய்வழியே வருவது. நம் வீட்டு முற்றத்து அந்திமந்தாரையில், இலை நிறத்தைக் கொண்டு கொரென்ஸ் என்பார் 1909-இல் இத்தாய்வழி மரபைக் காட்டினார். ஆதலின் இத்திரிபு மகரந்தத்தோடு பறந்து அயல் கொல்லைக்குச் செல்லுதல் அரிது, விதையோடே செல்லும். மருந்துக்குத் தப்பி நின்ற செடியை விதை முற்றுமுன் களைக்கொத்தால் கொத்தி எறியின், அத்திரிபும் அச்செடியோடே ஒழியும்.