கோடு நிக்குது, போட்டோ போகமாட்டேங்குது

கண்மாய்க்கரை. முப்பது பேர் மம்பட்டியும் சட்டியுமாக வரிசையில் நிற்கிறார்கள். பணித்தளப் பொறுப்பாளர் கையில் ஐந்தாறு வருஷத்துப் பழைய போன். படம் எடுத்தாயிற்று. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"என்ன தாயி, போச்சா?"

"போகல பெரியம்மா, செத்த இருங்க."

நூறுநாள் வேலைக்கான வருகைப் பதிவுச் செயலி 2021 மே மாதம் வந்தது. 2022 மே 16 முதல் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும், 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாப் பொதுப் பணித்தளங்களிலும் கட்டாயமானது. அங்கன்வாடிக்கு 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் செயலி. அன்று முதல் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில் போனும் ஒரு வேலைக் கருவிதான். மம்பட்டிக் காம்பு ஆடினால் ஆப்பு அடித்துக்கொள்ளத் தெரிந்த நாம், போன் மக்கர் பண்ணினால் மட்டும் நேரே கடைக்குப் போய்விடுகிறோம். "போர்டு போச்சுக்கா" என்ற பதிலோடு திரும்புகிறோம். கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் கோளாறு எங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள். போனா, சிம்மா, இடமா? உங்கள் சிம்மைக் கழற்றி, அதே இடத்தில் நிற்கும் வேறொருவர் போனில் போடுங்கள். அங்கே நெட் ஓடினால் கோளாறு உங்கள் போனில். அவருடைய சிம் உங்கள் போனில் ஓடினால் கோளாறு சிம்மிலோ ரீசார்ஜிலோ. இரண்டு பக்கமும் ஓடாவிட்டால் இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஐந்து நிமிட வேலை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழ்நாடு முழுக்க முடங்கியபோது போனைத் தட்டித் தட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! தப்பு நம் கையில்தான் இருக்கும் என்று நினைப்பதே நம் பழக்கம்.

ரீசார்ஜ் என்றதும் ஒன்று. தினசரி டேட்டா தீர்ந்துபோனால் பல திட்டங்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகிவிடும். நொடிக்கு 8 கிலோபைட். 3 எம்.பி. படம் ஒன்று போக ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் செயலி "பிழை" என்று சொல்லிவிடும். காலையில் பிள்ளைக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி எல்லோரையும் குழப்பும் விஷயம். நாலு கோடு நிற்கிறது, வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது, படம் மட்டும் போகவில்லை. ஏன்? பங்குனிப் பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் கட்டிய மைக் செட் நம் வீட்டுத் திண்ணை வரை கேட்கும். திண்ணையில் நின்று நாம் கத்தினால் அந்த ஊருக்குக் கேட்குமா? டவர் பல வாட் சக்தியில் பேசுகிறது. நம் போன் 4ஜியில் அதிகம் போனால் 0.2 வாட். திரையில் தெரியும் கோடு, டவர் பேசுவது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதற்கான அடையாளம். நாம் பேசுவது அதற்குக் கேட்கிறதா என்பதை அது சொல்லாது. வருகைப் பதிவு முழுக்க நம் பக்கத்திலிருந்து போக வேண்டிய சரக்கு. அதனால்தான் வாங்குவது நடக்கிறது, அனுப்புவது நடக்கவில்லை.

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலை காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகப் போகிறது. பொதுவாக இப்படிப்பட்ட சாலைகளை ஒட்டியும் ஊர்களுக்குள்ளும் டவர் நெருக்கம். கிழக்கே திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் காட்டுக்குள் இறங்க இறங்க தூரம் கூடும். ஆகவே கண்மாய் உள்வாயில் நின்று அனுப்பிப் பார்க்காதீர்கள், கரைமேல் ஏறுங்கள். இரண்டு ஆள் உயரம்கூடப் பெரிய வித்தியாசம் தரும். தகரக் கொட்டகைக்குள்ளோ வேனுக்குள்ளோ நிற்க வேண்டாம். உலோகத் தகடோ காந்தமோ வைத்த பின்கவரைக் கழற்றிவிடுங்கள். பல போன்களில் ஆன்டெனா ஓரங்களில்தான் இருக்கிறது. அடிப்பகுதியை இறுக்கிப் பிடிக்காமல் விரல் நுனியில் பிடியுங்கள். அங்கன்வாடி கான்கிரீட் கட்டடம் என்றால் வாசலுக்கு வந்து அனுப்புங்கள்.

படம் பணித்தளத்தில்தான் எடுக்க வேண்டும். அனுப்புவதும் அங்கேதான் நடக்க வேண்டும் என்பதில்லை. நெட் இல்லாதபோது காலைப் பதிவையும் முதல் படத்தையும் போனிலேயே வைத்துக்கொண்டு, நெட் கிடைத்ததும் ஏற்ற 2022-லேயே வழி செய்தார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. படம் ஏறுமுன் "செயலி மக்கர் பண்ணுது" என்று அதன் டேட்டாவை அழிக்கவோ, செயலியை நீக்கி மறுபடி ஏற்றவோ செய்தால் காத்திருக்கும் பதிவும் சேர்ந்து போய்விடும். இந்தத் தவறைச் செய்யச் சொல்லிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள்.

அடுத்து போனின் வயது. 3ஜி கிட்டத்தட்ட முடிந்த கதை. ஜியோவுக்கு 3ஜி இருந்ததே இல்லை. ஏர்டெல் 2020 வாக்கில் அதை மூடிவிட்டது. 4ஜி இல்லாத போன் ஏர்டெல்லில் 2ஜிக்கு இறங்கிவிடும். பழைய இரட்டைச் சிம் போன்கள் பலவற்றில் 4ஜி ஒரு பள்ளத்தில் மட்டும்தான். சிம்மை மற்ற பள்ளத்துக்கு மாற்றியதோடு கோளாறு தீர்ந்த போன்கள் உண்டு. பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்க முறைப்படி தொடங்கப்பட்டது. அது 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் நம்பியிருக்கிறது. அந்த அலைவரிசை இல்லாத பழைய போனில் அதில் வரும் 4ஜி சிக்னல் தெரியாது. பக்கத்தில் புதுப் போனில் முழுக்கோடு நிற்கும். போனைக் குறை சொல்லுமுன் சிம்மையும் பாருங்கள். 2ஜி, 3ஜி காலத்துப் பழைய சிம் என்றால் 4ஜி சிம்மாக மாற்ற வேண்டும்.

சிம்மின் தங்கநிறப் பக்கத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். கரிசல் புழுதி போகாத இடமில்லை. கத்தரிக்கோலால் வெட்டிச் சின்னதாக்கிய சிம் என்றால் புதிது வாங்கிவிடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டுக்கு வருவோம். கூட வேலை பார்க்கும் தம்பியின் புதுப் போனில் நெட் பறக்கிறது; ஆன் பண்ணிக் கொடுக்கிறான். உங்கள் போனில் பெயரே வரவில்லை. அவனுடைய ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் நிற்கும்; பழைய போன்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-ஐத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பெயர் வருகிறது, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் சேரவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.3 என்று இருந்தால் 2-க்கு மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு 10-க்கு முந்தைய போன்களுக்கு 3 புரியாது.

சேர்ந்துவிட்டது, ஆனால் எதுவும் திறக்கவில்லையா? தேதியும் நேரமும் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கி எழுந்த போனில் வருஷமே மாறியிருக்கும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலாவதி தேதி உண்டு. போனின் தேதி தப்பானால் நல்ல சான்றிதழும் அதற்குக் கெட்டதாகத் தெரியும். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கும் முந்தைய போன் என்றால் தேதி சரியாக இருந்தாலும் 2024 செப்டம்பர் 30-க்குப் பிறகு பல தளங்களில் இதே தகராறு. அந்தப் போனை அலுவலக வேலைக்கு நம்பாதீர்கள்.

இத்தனைக்கும் மசியவில்லையா? ஏரோப்ளேன் மோடில் பத்து நொடி வைத்து எடுங்கள். பேட்டரி சேவர், டேட்டா சேவர் இரண்டையும் நிறுத்துங்கள். கடைசியாக நெட்வொர்க் ரீசெட். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போகும். படங்களும் நம்பர்களும் போகாது.

சித்திரை வெயிலில் போனைக் கரைமேல் வைக்க வேண்டாம். சூடு ஏறினால் போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டவர் தூரமாக இருந்தால் போன் முழு மூச்சில் கத்த வேண்டியிருக்கும். கிழட்டு பேட்டரி அதைத் தாங்காமல் 20 சதவீதத்தில்கூட அணைந்துவிடும். மதியப் படத்துக்கு முன் பவர் பேங்கில் போடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அன்றே மாற்றுங்கள்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் இரண்டு விஷயம் பார்த்துவிட்டுப் போங்கள். *#06# அடித்தால் ஐ.எம்.இ.ஐ. எண் வருகிறதா? வைஃபை பொத்தான் ஆன் ஆகிறதா? "அண்ணே, நம்பர் வருது, வைஃபை மட்டும் ஆன் ஆகல" என்று சொல்லும் ஆளிடம் பொத்தாம்பொதுவாக "போர்டு போச்சு" என்று சொல்லத் தயங்குவார்கள். எண்ணே வரவில்லை என்றால் உண்மையிலேயே போர்டு வேலையாக இருக்கலாம். அந்தச் செலவில் பாதிக்கு வேறு பழைய 4ஜி போன் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

கடைசியில் ஒரு நோட்டு. படம் போகாத நாளில் திரையைப் படமெடுத்துக்கொண்டு, அன்றே ஊராட்சிச் செயலருக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். தவிர்க்க முடியாத சூழலில் விலக்கு அளித்து, கையால் எழுதிய வருகையை ஏற்க மாவட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் தரப்பட்டது. அதைக் கேட்க வாய்வார்த்தை போதாது. இப்படி எழுதி வையுங்கள்: "12-ஆம் தேதி, காலை 9.40, பெரிய கண்மாய் தென்கரை, 4ஜி, இரண்டு கோடு, மூன்று தடவை அனுப்பினேன், போகவில்லை. 10.35, ரோட்டு முக்கு, ஒரே தடவையில் போய்விட்டது."