பின்னியவர் பெயரையும் கேள்

அன்புத் தங்கைக்கு,

உன் ஓவியத்தின் படம் வந்து சேர்ந்தது. உன்னோடு படிக்கும் நைஜீரியப் பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைத்து வரைந்திருக்கிறாய். கன்னத்தில் ஊதாவும் காவியும் சேரும் இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கு மூன்று வாரம் பிடித்தது என்று எழுதியிருக்கிறாய், பார்த்தாலே தெரிகிறது. ஆனால் தலைமுடியை ஒரே மதியத்தில் முடித்துவிட்டாய், இல்லையா? காதுக்கு மேலே ஏறியதும் கை அவசரப்பட்டிருக்கிறது. ஒரே கருமை, நடுவில் பட்டையாக ஒரு பளபளப்பு.

அந்தப் பளபளப்பு அவளுடையது இல்லை. எண்ணெய் தடவி வாரிய நீள முடியில்தான் வெளிச்சம் அப்படி விழும். நம் வீட்டுத் தலைகளைப் பார்த்துப் பழகிய கை, கேட்காமலே அதைப் போட்டுவிடுகிறது. இறுகச் சுருண்ட முடியில் ஒளி ஓரிடத்தில் தங்காது; சிதறிவிடும். விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது, காற்றோடு கரையும். அவள் போட்டிருப்பது கார்ன்ரோ. தலையோடு ஒட்டி, மூன்று கால் எடுத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் அடியிலிருந்து கொஞ்சம் முடி சேர்த்துக்கொண்டே போகும் பின்னல். ஒவ்வொரு மடிப்பின் மேட்டிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கும், பக்கத்திலேயே ஒரு பள்ளம் இருக்கும். இரண்டு பின்னலுக்கு நடுவே வகிட்டில் தோல் தெரியும். அந்தத் தோலையும் நெற்றியைப் பார்த்ததுபோல் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கருமையைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலைப் பார். ஐவரி பிளாக், கார்பன் பிளாக், இரும்பு ஆக்சைடு கருப்பு என்று தொடங்கி, நீலமும் பச்சையும் ஊதாவும் கலந்து எத்தனையோ கருமைகளை உண்டாக்குகிறவர். அவருடைய ‘ஸ்கூல் ஆஃப் பியூட்டி, ஸ்கூல் ஆஃப் கல்ச்சர்’ 2012இல் வரைந்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பினப் பெண்கள் நிறைந்த ஓர் அழகு நிலையம். அதன் முன்பகுதியில் டிஸ்னி இளவரசி ஒருத்தியின் பொன்முடித் தலை கோணலாக இழுபட்டு மிதக்கிறது. பெரியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. எட்டிப் பார்ப்பது ஒரு சின்னக் குழந்தை. எந்த முடி அழகு என்ற பாடம் அந்த வயதிலேயே தொடங்கிவிடுகிறது. என்னை அந்த ஓவியத்தின் முன்னால் இன்றும் நிறுத்துவது அந்தக் குழந்தைதான். முடிக்காக வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டதே 2019இல்தான்; அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். நீ அவசரமாகப் பூசிவிட்ட இடத்தில் இவ்வளவும் இருக்கிறது.

ஆனாலும் உனக்கு நான் முதலில் காட்ட விரும்புவது ஒரு புகைப்படக்காரரை. நைஜீரியாவின் ஜே. டி. ஓகாய் ஓஜெய்கெரே. 1968இல் பெண்களின் தலையலங்காரங்களைப் படமெடுக்கத் தொடங்கி, 2014இல் இறப்பதற்குள் ஏறக்குறைய ஆயிரம் சேர்த்துவிட்டார். எல்லாம் கறுப்பு வெள்ளை. பல படங்களில் முகமே கிடையாது. பின்னந்தலையும் கழுத்தும் மட்டும். முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்துக் கறுப்பு நூலால் இறுகச் சுற்றினால் கம்பிபோல் நிற்கும், வளைத்த பக்கம் வளையும். அப்படி எழுப்பிய ஒன்றுக்கு ‘ஓனிலே கோகோரோ’ என்று பெயர். உயர்ந்த கட்டடம் என்று பொருள். விடுதலைக்குப் பிந்தைய நைஜீரியாவில் எழுந்த மாடிகளைப் பெண்கள் தலையிலும் எழுப்பினார்கள். சில நாளில் அவிழ்த்துவிடப்போகும் வேலை அது. சிற்பத்தைப் படமெடுக்கும் மரியாதையோடு அவர் எடுத்தார். பெயர்களையும் குறித்து வைத்தார்.

அங்கிருந்து நேரே கலைஞர் சோனியா கிளார்க்கிடம் வா. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் தலை பின்னுகிறவர்களை அழைத்துத் தன் தலையையே கொடுத்தார். அதே கைகளிடம் கேன்வாஸும் பட்டு நூலும் கொடுத்து, இதிலும் பின்னுங்கள் என்றார். 2014இல் முடிந்த அந்தப் படைப்பில் அவர்கள் கூடமாட உதவியவர்களாக இல்லை. கலைஞர்களாகப் பெயரோடு நிற்கிறார்கள். சரியாகச் செய்தார் என்பேன்.

உன் சிநேகிதி உன் முன்னால் உட்காரும் முன்பே வேறொருவர் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். எந்த வரி எங்கே வளைய வேண்டும் என்று அந்தக் கை முடிவு செய்திருக்கிறது. நீ வரைவது ஏற்கெனவே ஒரு கலைஞர் முடித்துவைத்த வேலையை. உன் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அக்காவா, அம்மாவா, காசு வாங்கிச் செய்கிற தொழில்காரரா?

அந்தப் பின்னல் அவிழ்வதற்குள் போய்க் கேள். முடிந்தால் அடுத்த முறை பின்னும்போது, அவர்கள் சம்மதித்தால், ஓரமாக உட்கார்ந்து கோட்டோவியம் போடு. பின்னந்தலையை மட்டும் பத்துத் தாளில் வரை. தொட்டுப் பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்காதே. அந்தக் கேள்வியை அவள் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருப்பாள். பிறகு ஓவியத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் அவள் பெயர், அந்தப் பின்னலுக்கு அவர்கள் வீட்டில் வழங்கும் பெயர், பின்னியவர் பெயர், கீழே உன் பெயர் என்று எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்